புள்ளியில்லாத வயல்

ஓர் இலையைத் திருப்பிப் பார்த்ததில் தொடங்குகிறது இந்தக் கதை. சாய்ந்து உட்காருங்கள் கண்ணுகளா, அவசரம் ஒன்றுமில்லை. அவசரப்பட வேண்டியவர்களே அவசரப்படாத கதைதான் இது.

ஓர் அக்காவும் தம்பியும் சேர்ந்து உருளைக்கிழங்கு வயல் வைத்திருந்தார்கள். அக்காவுக்கு அறுபதை நெருங்கும் வயது. நாக்குக்கு மட்டும் இருபதுதான். தம்பிக்கு ஐம்பது தாண்டிவிட்டது என்றாலும், அறிவிப்புப் பலகையைப் பார்த்தால் இன்றும் பள்ளிப் பிள்ளை மாதிரி நின்று முழுக்கப் படித்துவிட்டுத்தான் நகர்வான்.

வயலில் முப்பது வரிசை. அதில் இருபத்தெட்டு வரிசை மொழுக்கன். பயிர் நல நிலையம் கொடுத்த விதைக்கிழங்கு அது. ஒரே அளவு, ஒரே வழுவழுப்பு, அடுக்கி வைத்தால் சோப்புக்கட்டி மாதிரி இருக்கும். கடைசி இரண்டு வரிசை கோணலன். சந்தையில் வாங்கிய மூட்டையில் எப்படியோ கலந்து வந்தவை. முடிச்சும் முண்டுமாக இருக்கும். தோல் சீவ உட்கார்ந்தால் பாதிக் கிழங்கு தோலோடு போய்விடும். அக்கா அதைச் சீவும்போதெல்லாம் திட்டுவாள், நடும்போது மறக்காமல் இரண்டு வரிசை நடுவாள்.

"பிடிக்கலைன்னா ஏன்க்கா நடறே?" என்று தம்பி கேட்பான்.

"உன்னைக்கூடத்தான் பிடிக்கலை. சோறு போடலையா?"

அந்த வருஷம் ஒரு வாரம் மழை விடவில்லை. எட்டாம் நாள் காலையில் அக்கா வயலின் வட மூலையில் ஓர் இலையைத் திருப்பினாள். மேலே பார்த்தால் ஓரத்தில் லேசான ஈரக்கறை, அவ்வளவுதான். அடிப்பக்கத்தில் மாவு தூவியது போல் வெள்ளையாகப் பூத்திருந்தது. கருகல் நோய். நாலே நாலு மொழுக்கன் செடியில் இருந்தது.

"டேய், அரிவாளை எடு. இந்த நாலையும் சுத்தி நிக்கிற பத்தையும் அறுத்துப் புதைச்சிடலாம். மிச்ச வயல் பிழைச்சிடும். இன்னிக்கே செய்யணும்."

"இரு அக்கா. நிலையத்துல சொல்லாம நோய்ச் செடியைத் தொடக் கூடாதுன்னு பலகை வச்சிருக்காங்களே."

"பலகை வந்து கிழங்கு தோண்டித் தருமா?"

"தொட்டா பட்டியல்லேருந்து பேரை எடுத்துடுவாங்க. அடுத்த வருஷம் விதை கிடையாது. அவங்க படிச்சவங்கக்கா, சொன்னா உடனே வருவாங்க."

"கருகல் படிக்காதுடா. அதுக்கு நேரம் கிடையாது. நாலு நாள். அதுக்குள்ள முழு வயலும் போயிடும், பார்த்துக்கோ."

தம்பி சட்டையை மாற்றிக்கொண்டு நிலையத்துக்குப் போனான்.

நிலையத்தின் சுவர்கள் இளம்பச்சை. தரையில் காலடிச் சத்தத்தை விழுங்கும் விரிப்பு. வாசலில் அழைப்புமணி இருந்த இடத்தில் இரண்டு கம்பி முனைகளும், அவற்றை மறைக்க ஒரு பூந்தொட்டியும் இருந்தன. நாற்காலிகள் மிகவும் மென்மையானவை. அவற்றில் கால் மணி நேரம் உட்கார்ந்து எழுந்தவர்கள் எதற்காக வந்தோம் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்களாம். உள்ளே நுழைந்ததும் ஓர் இயந்திரம் தம்பிக்கு ஒரு சீட்டை நீட்டியது. 'தங்கள் பிரச்சினை கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று அதில் அச்சடித்திருந்தது. தம்பி இன்னும் வாயைத் திறக்கவில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாளுக்கு அமைதி அலுவலர் என்று பதவி. தாலாட்டு மாதிரிக் குரல். அவர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். அதில் ஒரே கேள்வி. 'தங்கள் கவலையின் அளவு: ஒன்று முதல் பத்து வரை.'

"எத்தனை போட்டிருக்கீங்க?"

"எட்டுங்க."

"எட்டா?" யாரோ தவறிவிட்ட செய்தியைக் கேட்டது போல அவர் முகம் வாடியது. "எட்டும் அதுக்கு மேலயும் பின்கட்டடத்துல பார்ப்பாங்க. பின்கட்டடத்தை இடிச்சாச்சு."

"அப்ப ஏழு போடட்டுங்களா?"

"ஏழைப் பார்க்கிறவர் ஓய்வு வாங்கிட்டாரு."

"எதைப் போட்டா ஆள் வருவாங்க?"

"நாலு போடுங்க. நாலு நாள்ல வருவாங்க."

"கருகல் நாலு நாள்ல வயலையே முடிச்சிடும்னு எங்கக்கா சொல்றாங்களே."

"பாருங்க, ரெண்டும் ஒரே நாள்ல அமையுது. நல்ல பொருத்தம்தானே?"

தம்பி எட்டை அடித்து நாலு போட்டான். போட்டவுடன் நெஞ்சிலிருந்து பாரம் இறங்கினது போல இருந்தது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் அதையும் உண்மையாகச் சொன்னான்.

"நெஞ்சுலேருந்து இறங்குச்சா? மூளைதான் இறங்கியிருக்கும். போற வழியில எங்கயாவது விழுந்துடப் போகுது" என்றாள் அக்கா.

மறுநாள் அவள் அவனைக் கேட்காமலே அரிவாளோடு வயலில் இறங்கினாள். வரப்பைத் தாண்டும்போது தபால்காரர் வந்து நின்றார்.

"அக்கா, அரிவாளோட வர்றீங்க. கடிதத்தைத் தூக்கிப் போட்டுட்டு ஓடிடட்டுமா?"

"படிச்சிட்டு ஓடு."

அவர் படித்தார். 'தங்கள் செடிகளின் நலனில் நிலையம் ஆழ்ந்த அக்கறை கொண்டுள்ளது. எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது. தாங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.'

தம்பி ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான். "எல்லாம் நடந்துக்கிட்டிருக்குன்னு எழுத்துலயே கொடுத்திருக்காங்கக்கா."

அதற்கு அடுத்த நாளும் அவள் இறங்கினாள், அதே நேரத்துக்குக் கடிதமும் வந்தது. 'கூரான கருவிகளை வயலிலிருந்து தள்ளி வைப்பது செடிகளுக்கு மன நிம்மதி தரும்.' மூன்றாம் நாள் கடிதத்தில் 'நன்றி' என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. எதற்கு நன்றி என்று அக்காவுக்கு விளங்கவில்லை. மூன்றையும் மடித்து, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் வைத்தாள். மேசை நின்றது. அந்தக் கடிதங்களால் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

நாலாம் நாள் சொன்னபடியே ஆள் வந்தார். நிலையம் சொன்ன சொல் தவறாது. வந்தவர் புள்ளி எண்ணுநர். கழுத்தில் ஒரு பூதக்கண்ணாடி, கையில் அமுக்கினால் 'டிக்' என்று சொல்லும் ஓர் எண்ணிக்கைக் கருவி, கூடவே உறை மாட்டிய கைகளோடு இரண்டு ஆட்கள்.

அவர் மொழுக்கன் வரிசைகளின் ஊடே நடந்தார். இலைகள் பச்சைப் பசேலென்று இருந்தன. கருவி ஒரு தடவைகூட டிக் என்று சொல்லவில்லை.

"அருமை. அமைதியான செடிகள்" என்று குறித்துக்கொண்டார்.

"கொஞ்சம் திருப்பிப் பாருங்க" என்றாள் அக்கா. அடிப்பக்கத்து வெள்ளை இப்போது பாதி வயலுக்குப் பரவியிருந்தது.

"நான் மேல்பக்கம்மா. அடிப்பக்கம் வேற பிரிவு."

"அந்த மூலையில நாலு செடி கறுத்து விழுந்து கிடக்கே, அதாவது தெரியுதா?"

"தெரியுது. செத்துப்போச்சு. செத்த செடிக்குப் புள்ளி எண்ண மாட்டோம். அது இழப்புப் பிரிவு."

கடைசி இரண்டு வரிசைக்கு வந்ததும் கருவி விழித்துக்கொண்டது. கோணலன் இலைகளில் கடுகு அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள். டிக், டிக், டிக். நானூற்றுப் பன்னிரண்டு வந்ததும் அவர் நெற்றியைத் துடைத்தார்.

"கடுமையான பாதிப்பு. பிடுங்குங்க."

"அது நிமிர்ந்துதானே நிக்குது! அடியில வெள்ளை கிடையாது, அழுகல் கிடையாது. அதைப் போய்ப் பிடுங்கறீங்க?"

"புள்ளி இருக்கேம்மா" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வது போல.

உறைக்காரர்கள் செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பையில் கட்டினார்கள். வேரோடு ஒட்டி வந்த கிழங்குகளை மட்டும் தட்டிக் கீழே போட்டுவிட்டுப் போனார்கள். மண்ணுக்குக் கீழே இருப்பது வேறு பிரிவாம். அக்கா அவற்றைப் பொறுக்கி ஒரு வாளியில் போட்டாள். வாளி நிறையவில்லை.

மறுநாள் நிலையத்தில் பயிரிடுவோர் கூட்டம். வராதவர்களுக்கு விதை கிடையாது என்பதால் எல்லாரும் விருப்பத்தோடு வந்திருந்தார்கள். நிலைய இயக்குநர் பேசினார். வெள்ளைத் திரையில் ஓர் இலையின் உட்புறம் வீடு மாதிரிப் பெரிதாகத் தெரிந்தது.

"இந்தக் கருகல் எவ்வளவு நாகரிகமானது தெரியுமா?" என்று அவர் தொடங்கினார். "அது செடியோட சண்டைக்கே போகாது. தன் உடம்புலேருந்து சின்னச் சின்னப் புரதங்களைச் சுரந்து செடிக்குள்ள அனுப்பும். ஒரு புரதம் போய் அழைப்புமணியைக் கழட்டும். இன்னொண்ணு, 'ஆபத்து'ன்னு சேதி கொண்டு போறவனை வழியில நிறுத்தி, 'நீங்க போங்க, நாங்க பார்த்துக்கிறோம்'னு சொல்லும். வேறொண்ணு, செடி சுவரைக் கெட்டியாக்கப் போற நேரம் பார்த்து, 'இப்ப என்ன அவசரம்'னு கையைப் பிடிக்கும். செடி பச்சையாவே நிக்கும். தன்கிட்ட இருக்கிற சாறு, சர்க்கரை எல்லாத்தையும் எடுத்து எடுத்துக் கொடுத்துக்கிட்டே நிக்கும். கடைசி நிமிஷம் வரைக்கும் தனக்கு ஒண்ணும் இல்லைன்னே நினைச்சுக்கிட்டிருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்வளவு அழகான நிர்வாகம்! முப்பது வருஷமா நாங்க இதைக் கூர்ந்து படிச்சிட்டு வர்றோம். நிறையக் கத்துக்கிட்டோம்."

கூட்டம் கைதட்டியது. தம்பியும் தட்டினான். அக்கா எழுந்து நின்றாள்.

"எல்லாச் செடியும் இப்படி ஏமாறுமா சார்?"

"நல்ல கேள்வி. சில செடிக்கு அந்தப் புரதத்தை அடையாளம் தெரியும். வந்த உடனே கண்டுபிடிச்சிடும். கருகல் தொட்ட இடத்தை மட்டும் தானே சாகடிச்சுக்கும். உயிருள்ள இடம் கிடைக்காம கருகல் பட்டினி கிடந்து செத்துடும். செடி பிழைச்சுக்கும். இலையில ஒரு பழுப்புப் புள்ளி மட்டும் மிஞ்சும்."

"அப்ப எங்க கோணலன் பிழைச்ச செடி."

"மிகச் சரி."

"நேத்து வந்து அதைப் பிடுங்கிட்டீங்க."

"புள்ளி இருந்ததேம்மா." அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நான் பொறுப்பு எடுத்தப்ப இந்த வட்டாரத்துல ஒன்பது லட்சம் புள்ளி. இன்னிக்கு மூணு லட்சம். எப்படிக் குறைஞ்சது? உழைப்பு! புள்ளி போடற செடியே இப்ப அதிகம் கிடையாது. இன்னும் ரெண்டே வருஷத்துல ஒரு புள்ளிகூட இருக்காது. அப்புறம் வயல்ல சத்தமே இருக்காது."

"யோவ்!" அக்காவின் குரல் திரையில் மோதித் திரும்பியது. "பச்சையா நிக்கிறதெல்லாம் பிணம்யா! ஒரே ஒரு இலையைத் திருப்பிப் பாருங்கய்யா! எதிர்த்து நின்னதைப் பிடுங்கிப் போட்டுட்டு, வாயை மூடிக்கிட்டுச் சாகறதுக்குச் சான்று கொடுக்கறீங்களே!"

முன்வரிசையில் ஒருவர் பாதி எழுந்தார். நாற்காலி மென்மையாக இருந்தது. மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

மெத்தென்ற காலணி போட்ட இருவர் வந்து அக்காவை மரியாதையாகக் கேட்பறைக்கு அழைத்துப் போனார்கள். மனக்குறை உள்ளவர்கள் அதைச் சொல்வதற்கென்றே கட்டிய அறை. தம்பி வெளியே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தான். முதலில் அவள் கத்துவது கேட்டது. ஒவ்வொரு கத்தலுக்குப் பிறகும் ஓர் ஆண்குரல் "புரியுது" என்றது. பிறகு கத்தல் குறைந்தது. "புரியுது" மட்டும் அதே அளவில் வந்துகொண்டிருந்தது. கடைசியில் அதுவும் நின்றது.

கதவு திறந்தது. அக்கா கையில் ஒரு காகிதக் கோப்பைத் தேநீரோடு வந்தாள்.

"என்னக்கா ஆச்சு? என்ன சொன்னாங்க?"

"பரவாயில்லைடா" என்றாள்.

கண்ணுகளா, தம்பிக்கு அப்போதுதான் முதல் முறையாகப் பயம் வந்தது. வீட்டுக் கூரையைக் காற்று தூக்கிக்கொண்டு போன வருஷம்கூட அவள் காற்றைத் திட்டினாளே தவிர, பரவாயில்லை என்று சொன்னதில்லை. ஐம்பது வருஷத்தில் அந்தச் சொல்லை அவன் அவள் வாயில் கேட்டதே கிடையாது.

அடுத்த மூன்று நாளில் வயல் போனது. பெரிதாக விவரிக்க ஒன்றுமில்லை. காலையில் பச்சையாக நின்ற வரிசை மாலையில் சாயும். தண்டைத் தொட்டால் விரலோடு வரும். மீன் அழுகினது மாதிரி ஒரு நாற்றம் வீட்டுக்குள் வந்து துணிமணியில் உட்கார்ந்துகொண்டது. மண்ணைத் தோண்டிப் பார்த்தால் மொழுக்கன்கள் பழுப்புக் கூழாகக் கையில் வழிந்தன. தம்பி நாலைந்து இடத்தில் தோண்டிவிட்டு நிறுத்தினான். அக்கா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை.

"திட்டேன்க்கா. அன்னிக்கே அறுத்திருக்கணும். என் தப்புதான், திட்டு" என்றான்.

"பரவாயில்லை."

அடுத்த வாரம் பரிசு வந்தது. 'புள்ளியில்லாத வயல்: முதல் இடம்.' இயக்குநரே நேரில் வந்து, பெயர் பொறித்த பலகையை வயலில் நட்டார். நட்ட இடம் கொழகொழவென்று இருந்ததால் அது இரண்டு முறை சாய்ந்தது. புகைப்படக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, வானம் மட்டும் தெரியும்படி படம் எடுத்தார். தம்பியிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'சேவையில் எனக்கு முழுத் திருப்தி.' கையெழுத்துப் போட்டான்.

"ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று ஒலிவாங்கியை நீட்டினார்கள்.

அன்று காலை பல் தேய்க்கும்போதே நாலு வாக்கியம் தயாராக வைத்திருந்தான். நாலும் நல்ல வாக்கியங்கள். அக்கா வழக்கமாகப் பேசுவது போன்றவை. ஒலிவாங்கியின் குளிர்ந்த கம்பி உதட்டில் பட்டது.

"நன்றி" என்றான்.

ரெண்டு வார்த்தை கேட்டார்கள், ஒன்று போதுமானதாக இருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள்.

மழைக்காலம் போனது. நிலையத்திலிருந்து புதிய மொழுக்கன் விதை மூட்டை வந்து, பிரிக்காமல் மூலையில் கிடந்தது. வயலைத் தரிசாக விட்டுவிட்டு இருவரும் வேறு ஒருவரின் கிடங்கில் சாக்குத் தைக்கப் போனார்கள். அக்கா ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினாள், அதில் ஆறு பரவாயில்லை.

சமையலறைக்குப் பின்னால் அந்தக் கோணலன் வாளி இருந்தது. அதை யாரும் ஒளித்து வைக்கவில்லை. மறந்துபோனார்கள், அவ்வளவுதான். ஒரு நாள் தம்பி வாளி தேவைப்பட்டுப் போனபோது, கிழங்குகள் இருட்டில் வெள்ளை முளை விட்டிருந்தன. தூக்கிப் போடக் கை வரவில்லை. உடைந்த குளியல் தொட்டி ஒன்றில் மண் போட்டு நட்டான். தினமும் தண்ணீர் ஊற்றினான். செடி வந்தது. மறுபடி மழை வந்தது. ஒரு வாரம் விடாமல் பெய்தது.

எட்டாம் நாள் காலையில் இலையில் புள்ளி இருந்தது. பழுப்பாக, கடுகு அளவில். அவன் எண்ணினான். ஏழு. செடி நிமிர்ந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ தட்டினார்கள். புள்ளி எண்ணுநர். கழுத்தில் பூதக்கண்ணாடி, பின்னால் கையுறை மாட்டிய ஆட்கள் இருவர்.

"பரிசு வாங்கின வீடாச்சே, பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். புதுசா ஏதாவது புள்ளி? பின்பக்கம் ஏதோ பச்சையாத் தெரியுதே?"

பின்பக்கம் போனால் ஏழு டிக். அதோடு கோணலன் என்று ஒன்று உலகத்தில் இருந்ததே இல்லாமல் போகும். அவன் வாயைத் திறந்தான். அமைதி அலுவலரின் தாலாட்டுக் குரல் அவன் தொண்டையிலிருந்து வந்தது.

"வாங்க சார். உங்க அக்கறைக்கு ரொம்ப நன்றி. எல்லாம் நல்லபடியா நடந்துக்கிட்டிருக்கு. நீங்க எதுவும் செய்ய வேண்டியதில்லை."

"ஒரு தடவை எட்டிப் பார்த்துடட்டுமா?"

"புரியுது சார். உங்க கவலை எங்களுக்குப் புரியுது. ஆனா பின்பக்கம் வேற பிரிவுங்க."

"ஓ."

"நீங்க போங்க. நாங்க பார்த்துக்கிறோம்."

எண்ணுநரின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. ஏன் வந்தோம் என்பது அவருக்கே மங்கிக்கொண்டு வருவது போல இருந்தது.

"கவலை அளவு எவ்வளவு போட?"

"ஒண்ணு."

"ஒண்ணு" என்று எழுதிக்கொண்டார். "அருமை. இப்படி எல்லாரும் இருந்துட்டா எங்க வேலை எவ்வளவு சுலபம்!" மூவரும் மழையில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் போனார்கள்.

தம்பி கதவைச் சாத்தி, அதில் நெற்றியைச் சாய்த்து நின்றான். பின்னால், கிடங்கிலிருந்து எடுத்து வந்த சாக்கைத் தைத்துக்கொண்டிருந்த ஊசி நின்ற சத்தம் கேட்டது.

"மடப்பயலே" என்றது ஒரு குரல். துருப்பிடித்திருந்தது, ஆனாலும் அதே குரல்தான். "ஒண்ணா போடுவாங்க? சந்தேகம் வராது? ரெண்டு போட்டிருக்கணும்டா."

அவன் திரும்புவதற்குள் அக்கா எழுந்து பின்பக்கம் போயிருந்தாள். தொட்டியின் முன் குந்தி உட்கார்ந்து, புள்ளி விழுந்த ஓர் இலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது.